குரல் தாண்டிக் குதித்த வருஷம்

சூரியனில் புள்ளிகள் மண்டிக்கிடந்த அந்த வருஷத்தில், சிலுவைத்துறையில் பகலில் பேசிய பேச்செல்லாம் பக்கத்தில் நிற்பவர் காதில் விழாமல், அவர் தலைக்கு மேலாக எழும்பி, கடலையும் மலையையும் தாண்டிப் போய், கண்காணாத ஊர்களில் இறங்கத் தொடங்கியது. முதலில் அது தெரியவந்த இடம் மீன் ஏலம். ஏலக்காரர் லெயோன், சீலா மீன் கூடைகளுக்கு முன்னால் நின்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்த, சுற்றி நின்ற வியாபாரிகள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலைச் சத்தம் கேட்டது, காக்கை கரைந்தது கேட்டது, கோயில் மணி கேட்டது, மனுஷக் குரல் மட்டும் கேட்கவில்லை. அதே நேரத்தில் மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்த லெயோனின் மைத்துனர், சாரத்தின் மேல் நின்று செங்கல் வாங்கிக்கொண்டிருந்தவர், காதோரத்தில் "சீலா! சீலா! கேளுங்கய்யா!" என்று அத்தான் கத்துவதைக் கேட்டு, "இங்க எனக்கெதுக்கு அத்தான் சீலா?" என்று பதில் சொன்னார், அது லெயோனுக்கு மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஊர் என்ன செய்யும்? கொஞ்ச நாள் பதறியது, கொஞ்ச நாள் நேர்ச்சை போட்டது, அப்புறம் பழகிக்கொண்டது. ஏலம் விரல் கணக்குக்கு மாறியது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் குரல்கள் பழையபடி வீட்டுக்கு வீடு கேட்க ஆரம்பித்துவிடும் என்பதால், பகலில் மூண்ட சண்டையை ராத்திரிவரை பொத்தி வைத்திருக்க வேண்டியிருந்தது; அதற்குள் பாதிச் சண்டை ஆறிப்போகிறது என்று ஆண்கள் சொல்லிக்கொண்டார்கள், ஆறவில்லை, பெண்கள் சேர்த்துவைத்துக் கொடுத்தார்கள் என்பது இருட்டிய பிறகு அந்தத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும். பங்குச்சாமியார் பகலில் பாவசங்கீர்த்தனம் கேட்பதை நிறுத்திவிட்டார், ஏனென்றால் ஒருத்தி முழந்தாளிட்டுச் சொன்ன பாவம் நாக்பூரில் ஏதோ ரயில்வே குடியிருப்பில் இறங்கி, அங்கிருந்த தமிழ்க்காரர் ஒருவர், "பரவாயில்லம்மா, விடுங்க, எல்லா வீட்லயும் உள்ளதுதான்" என்று சொல்ல, அதைச் சாமியார்தான் சொன்னார் என்று நம்பி அவள் ஜெபம்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள்.

பிள்ளைகளை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கு மட்டும் அது நல்ல காலமாக இருந்தது. அடுப்படியில் நின்றபடியே "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்பார்கள், "சாப்பிட்டேன்ம்மா" என்று அடுப்புக்கு மேலேயிருந்து பதில் வரும், பக்கத்தில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும் புருஷனோடு பேசத்தான் சிலேட்டு வேண்டியிருந்தது.

தொபியாஸ் வீட்டில் இந்தச் சங்கதி தெரியவர நாலைந்து நாள் ஆனது. அந்த வீட்டில் பகலிலும் பேச்சில்லை, ராத்திரியிலும் பேச்சில்லை. எதிர்வீட்டு பெர்பெத்து ஓடிவந்து வாயை வாயைத் திறந்து கையை ஆட்டியபோதுதான், தன் காது கேட்கவில்லையா அவள் குரல் போய்விட்டதா என்று தொபியாஸின் மனைவி ஜெனோவா யோசித்தாள். யோசித்துவிட்டு, இரண்டில் எதுவானாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சாளை மீனைச் செதிள் எடுக்கப் போய்விட்டாள்.

ஜெனோவா அப்படி ஆகிப் பதினோரு வருஷம். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் அடுத்தவர் காலைக் கிள்ளியதுபோல இருக்குமே, அப்படி அவள் முழுக்க மரத்துப்போயிருந்தாள். அழவில்லை. திருநாளுக்குச் சிரிக்கவும் இல்லை. சோறு வடித்தாள், வீட்டைக் கூட்டினாள், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போனாள், வந்தாள்.

அவளுடைய ஒரே மகன் இஞ்ஞாசி, வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணியில் ஆளாகப் போனவன், தோணியோடு காணாமல் போனான். பலகை ஒன்றுகூடக் கரை ஒதுங்கவில்லை. கப்பலில் வயர்லெஸ் ஆபீசராக இருந்து ஓய்வுபெற்ற தொபியாஸ், மொட்டைமாடியில் கம்பி கட்டி, சர்க்கார் லைசென்ஸோடு ஊர் ஊராக ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த ஹாம் ரேடியோக்காரர். மகனுக்கும் லைசென்ஸ் வாங்கிக்கொடுத்து, சின்ன செட்டு ஒன்றையும் கொடுத்துத்தான் அனுப்பியிருந்தார். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொள்வது ஏற்பாடு. ஒரு செவ்வாய்க்கிழமை ஜெனோவா நவநாளுக்குப் போய்விட்டு வந்தபோது தொபியாஸ் செட்டுக்கு முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தார். "பய வரல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் செட்டு இருந்த அறையைக் கூட்டும்போது கட்டிலுக்கு அடியிலிருந்து சின்னப் பித்தளைத் திருகாணி ஒன்று விளக்குமாற்றோடு வந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். தையல் டப்பாவில் போட்டு மூடினாள். கேட்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் தொபியாஸ் மகனுடைய அழைப்புக்குறியை, சர்க்கார் அவனுக்குக் கொடுத்திருந்த ரேடியோப் பெயரை, ரேடியோவில் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார். ஜெனோவாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு கல்லறை. உள்ளே அவனுடைய சட்டையை வைத்துக் கட்டினால் போதும். ஊரில் கடலோடு போனவர்களுக்கெல்லாம் அப்படித்தான் கட்டியிருந்தது. கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைகளுக்குச் சுண்ணாம்படித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றும்போது, அவள் கையில் ஏற்றாத வத்தியோடு கல்லறைத்தோட்ட வாசலுக்கு வெளியே நிற்பாள். அப்பன்காரன் சம்மதிக்காமல் கல்லறை கட்ட முடியாது என்று சாமியார் சொல்லிவிட்டார். தொபியாஸ் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்ததும் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

குரல் போன விவகாரத்தில் ஊரே அவரிடம்தான் வந்தது. அவர் பைனாகுலரை வெயிலுக்குக் காட்டி, சூரியனுடைய உருவத்தை வெள்ளைச் சுவரில் விழவைத்து, அதில் வரிசையாக இருந்த கருப்புப் புள்ளிகளைச் சாமியாருக்குக் காட்டினார். பிறகு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தார், அதைச் சாமியார் அந்திப் பூசையில், பொழுது சாய்ந்து குரல் திரும்பிய பிறகு, பிரசங்கமாகவே வாசித்தார்: "பதினோரு வருஷத்துக்கு ஒருதரம் சூரியனில் புள்ளி கூடும். கூடினால் வானத்தின் மேல்தட்டு கெட்டிப்படும். நம்ம குரல் அதில் பட்டுத் தெறித்துத் தூரத்தில் போய் விழும். கிட்டத்தில் இருப்பவனுக்குக் கேட்காது, தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்கும். எந்த ஊருக்கு நம்ம குரல் போகுதோ அந்த ஊர்க் குரலும் நம்மகிட்ட வரும். ரேடியோக்காரங்களுக்கு இது புதுசில்லை. உங்களுக்குத்தான் புதுசு." ஆமென் என்று ஊர் சொன்னது.

இப்படியே மாசங்கள் போனபோது ஜெனோவா ஒன்றைக் கவனித்தாள். மத்தியானம் அவள் பின்கட்டில் மீன் கழுவிக்கொண்டோ பாத்திரம் துலக்கிக்கொண்டோ குந்தியிருக்கும்போது, தொபியாஸ் வந்து அவளுக்குப் பின்னால், கதவு நிலையில் சாய்ந்து நிற்க ஆரம்பித்திருந்தார். தண்ணீர்த் தொட்டியில் அவர் நிழல் தெரிந்தது. நிழலின் தாடை அசைந்தது. பிள்ளையின் அழைப்புக்குறியைத்தான் சொல்கிறார், ரேடியோ வேண்டாமல் இப்போது வாயாலேயே கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டு பாத்திரத்தைக் கவிழ்த்தாள்.

ஒரு நாள் காலையில், தொபியாஸ் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், ஜெனோவா மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்த முருங்கை மரத்துக்குக் கீழே ஒரு பெண்குரல் வந்து இறங்கியது.

"அக்கா... ஜெனோவா அக்காங்கிறது நீங்கதானா?"

"ஆமா. யாரு பேசுதது?"

"நான் பவுனம். போர்ட் பிளேர்ல இருந்து பேசுறேன். எங்க வீட்டு கிணத்தடியில தினம் மத்தியானம் ஒரு பெரியவர் குரல் வந்து விழும்க்கா. உங்க பேரச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். எனக்கு மொதல்ல பயமா இருந்துச்சு, அப்புறம் பழகிருச்சு. ஒட்டுக் கேக்குறோமேன்னு சங்கடமாவும் இருந்துச்சு. ஆனா அவரே சொன்னார், 'எங்கயோ யாரோ கேப்பாவ, கேட்டுட்டுப் போறாவ, எதிர்ல இருக்கவளுக்குக் கேக்காம இருந்தா சரி'ன்னு."

ஜெனோவா கத்தியைக் கீழே வைக்கவில்லை. "எனக்குக் கேக்கக்கூடாதுன்னு சொன்னத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?"

"குரல் மெலிஞ்சுக்கிட்டே வருதுக்கா. நேத்து பாதிதான் கேட்டுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல விழாம போயிரும் போல. அப்புறம் இது என்னோடயே நின்னு போயிரும்ல? எனக்கு அது தாங்காது. அவர் சொன்னத அப்படியே சொல்றேன், நானா ஒண்ணும் சேக்கல."

பவுனம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அவள் சொன்னது, தொபியாஸ் நாள்தோறும் ஜெனோவாவின் முதுகைப் பார்த்துச் சொன்னது, இதுதான்.

"ஜெனோவா, அன்னைக்குச் சூரியன் வெடிச்சுட்டு. ரேடியோ ஒரேயடியாச் செத்துப்போச்சு, இரைச்சல்கூட இல்ல. வெயில் அடிச்ச அத்தன ஊர்லயும் அப்படித்தான் இருந்திருக்கு. எனக்கு அது தோணல. செட்டுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். குப்புறப் போட்டுப் பிரிச்சேன். கொஞ்ச நேரத்துல சூரியன் சரியாயிட்டு, என் செட்டு மேசை மேல துண்டு துண்டாக் கெடக்கு. அந்த நேரத்துலதான் பய கூப்பிட்டிருக்கான். கொல்லத்துல ரேடியோக்காரர் ஒருத்தர் பாதிக் குரல் கேட்டிருக்கார். 'அப்பா'ன்னது மட்டும் கேட்டுச்சாம். நீ கல்லறை கேக்குத. கல்லறை கட்டிட்டா நான் அவனக் கூப்பிடக்கூடாது. கூப்பிடாம இருந்தா, அன்னைக்கு அவன் கூப்பிடும்போது சும்மா இருந்த மாதிரியே இன்னைக்கும் இருக்கேன்னு ஆயிரும்."

பவுனம் நிறுத்தினாள். அந்தமானில் எங்கோ ஒரு வாளி கிணற்றில் விழுந்திருக்கும், அதெல்லாம் கேட்காது, மனுஷக் குரல் மட்டும்தான் தாண்டி வரும். அவள் அழுதது வந்தது.

ஜெனோவா மீதி மீனையும் செதிள் எடுத்தாள், குடல் நீக்கினாள், மஞ்சள் போட்டுக் கழுவினாள். ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று மட்டும் தோன்றியது. அடுத்தவர் வீட்டுச் சாவுச் செய்தியைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் நிழல் வந்து நின்று, தாடை அசைந்து முடிந்ததும், அவள் எழுந்து திரும்பி, அவர் முகத்துக்கு நேராக, அவருக்குக் கேட்காது என்று நன்றாகத் தெரிந்து சொன்னாள்:

"எனக்கு அப்பவே தெரியும். ஒரு திருகாணிய விட்டுட்டிய. கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு. நான் இல்லாத நேரத்துல செட்டப் பிரிச்சிருக்கியன்னு அத வச்சுத்தான் தெரிஞ்சுது. நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன். பதினோரு வருஷமா இருக்கேன்."

தொபியாஸ் அவள் வாயைப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, தலையாட்டிவிட்டு உள்ளே போய் மணைப்பலகையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜெனோவா சோறு போட்டாள்.

மறுநாள் காலை பவுனத்தின் குரல் தேய்ந்து வந்தது. "அக்கா, நீங்க சொன்னது கேட்டுச்சு. அவர்கிட்டச் சொல்லட்டுமா? ஒரு வார்த்தை நீங்க சொன்னா போதும்."

"வேண்டாம்மா. அவிய எனக்கு நேரா சொல்லட்டும்."

"அவர் சொல்லிக்கிட்டுத்தானக்கா இருக்கார்?"

அதுதான் பவுனம் கடைசியாகப் பேசியது. அவள் பெயரைத் தவிர அவளைப் பற்றி ஒன்றும் கேட்டுவைக்கவில்லையே என்று பிறகு ஜெனோவாவுக்கு வருத்தமாக இருந்தது. பல வருஷம் கழித்து அவளுக்கு வந்த முதல் வருத்தம் அது.

புரட்டாசி கழிந்து ஐப்பசி பிறந்தபோது ஒரு மத்தியானம், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால் "ஜெனோவா" என்று ஒரு கரகரத்த குரல் கேட்டது. காதிலேயே கேட்டது. அந்தக் குரலுக்கு இவ்வளவு வயசாகிவிட்டதா என்று அவள் திடுக்கிட்டாள். கையில் சாம்பலோடு அப்படியே இருந்தாள். திரும்பினால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார், அப்புறம் செத்தாலும் வாய் திறக்கமாட்டார். அதனால் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். அவர் சொல்லி முடித்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் பெர்பெத்து வாசலில் பாய்ந்து வந்து, "ஏட்டி, கேக்குதுட்டி! எல்லாருக்கும்..." என்று தொடங்கியதுமே ஜெனோவா அவள் வாயைப் பொத்திச் சந்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டுக்காரியிடம் பதினோரு வருஷமாக ஒன்றும் கேட்காதவள் அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பெர்பெத்து, எனக்கு ஒரு உபகாரம் செய்யணும். குரல் வந்துட்டுன்னு அவியளுக்குத் தெரியக்கூடாது. கொஞ்ச நாளைக்கு. அவிய பேசுதாவ. எம்பிள்ளையப் பத்திப் பேசுதாவ."

பெர்பெத்து அவளைப் பார்த்தாள். பிறகு, குரல் இருந்தும், கையாலேயே சரி என்று காட்டிவிட்டுப் போனாள்.

அப்படித்தான் சிலுவைத்துறையில், ஊரெல்லாம் பேச்சு திரும்பி, ஏலக்கடையில் லெயோன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலத்தில், தொபியாஸ் வீட்டுத் தெரு மட்டும் ஊமையாக இருந்தது. மீன்காரிகள் தெருமுனையில் குரலை இறக்கிவைத்துவிட்டு, கூடையைத் தூக்கிக் காட்டி விற்றார்கள். பிள்ளைகள் சத்தமில்லாமல் அடித்துக்கொண்டன. சாமியார் அந்த வழியாகப் போகும்போது வாயை மட்டும் அசைத்துத் தோத்திரம் சொல்லிப் போனார். பொய் சொன்ன பாவம் இதில் வருமா என்று அவருக்கே சந்தேகம்தான், ஆனாலும் அசைத்தார். தொபியாஸ் மாடியிலிருந்து இறங்கினால் ஒருத்தர் மற்றவருக்குச் சைகை செய்ய, தெருவே கையை ஆட்ட ஆரம்பித்துவிடும். தேவைக்கு மேலேயே ஆட்டினார்கள், அந்த வழியாக வரும்போது லெயோனும்தான்.

தினமும் மத்தியானம் அவர் பேசினார், அவள் முதுகால் கேட்டாள். முதல் சில நாள் அதே கதைதான், சூரியனும் செட்டும் கொல்லத்துக்காரரும். பிறகு அது மெல்லக் குறைந்து, இஞ்ஞாசிக்குப் பல்லி என்றால் பயம் என்பதும், லைசென்ஸ் பரீட்சைக்குப் போன அன்று அவன் செருப்பு மாற்றிப் போட்டுப் போனதும் வந்தன. அப்புறம் ஜெனோவாவின் கண்ணில் புரை விழுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது வந்தது. நேற்றைய குழம்பில் புளி தூக்கல் என்பதுகூட வந்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓட ஆரம்பிக்கும்போது ஊசி ஊசியாகக் குத்துமே, அதுபோல அவளுக்கு உடம்பெல்லாம் வலித்தது. இதற்கு மரத்துப்போனதே தேவலை என்று ஒரு நாள் நினைத்தாள், ஆனாலும் மறுநாள் மத்தியானம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், தெருவில் பெண்கள் சுண்ணாம்பு வாளிகளோடு சத்தம் காட்டாமல் போய்க்கொண்டிருந்தபோது, தொபியாஸ் கதவு நிலையில் வந்து நின்றார். தொட்டித் தண்ணீரில் நிழல் விழுந்தது.

"ஜெனோவா, கல்லறைக்குச் சொல்லிரு. பேரு வெட்டச் சொல்லு. இஞ்ஞாசின்னு மட்டும் போதும்."

ஜெனோவாவின் கை நின்றுவிட்டது. திரும்பக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தேதி போட வேண்டாம்" என்றார். பிறகு, "திரும்புட்டி. முதுகையே எத்தன நாளைக்குப் பாக்க?" என்றார்.

அவள் திரும்பினாள்.

"சூரியன்ல புள்ளி அடங்கி எத்தன நாளாச்சு. ரேடியோவுல தூரத்து ஊரெல்லாம் போயி நாளாவுது. தெருவே ஊமை வேஷம் போடுது, அந்த லெயோன் பயலுக்கு நடிக்கவும் தெரியல. காலம் பூரா ரேடியோக்காரனா இருந்தவனுக்கு, யாருக்குக் கேக்கும் யாருக்குக் கேக்காதுன்னு தெரியாதா?"

"எனக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா பேசினிய?"

"மொத நாளே தெரியும். உன் பேரச் சொன்னதும் உன் தோள் ஒரு துள்ளு துள்ளுச்சு." அவர் கதவு நிலையைத் தடவினார். "நீ திரும்பாம இருந்த. அதான் பேச முடிஞ்சுது."

ஜெனோவா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். தையல் டப்பாவோடு திரும்பி வந்து, பொத்தான்களுக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் தேடி, பித்தளைத் திருகாணியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். செட்டின் அடித்தகட்டில் ஒரு ஓட்டை காலியாக இருப்பது அவருக்குத் தெரியும். மத்தியானம்தோறும் அவர் கை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறது.

"இத எங்கெல்லாம் தேடினேன்" என்றார்.

"எங்கிட்டதான் இருந்துச்சு."

"எப்பல இருந்து?"

"பய வராத அன்னைக்கு மறுநாள்ல இருந்து."

தொபியாஸ் அப்படியே பின்வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். சந்திலிருந்து பெர்பெத்து வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, என்ன ஆயிற்று என்று இரண்டு கையாலும் சைகையில் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல ஜெனோவா வாயைத் திறந்தாள். பதினோரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. அது எழும்பி எந்தக் கடலையும் தாண்டவில்லை, எந்த ஊர்க் கிணற்றடியிலும் போய் விழவில்லை. அந்தப் படியிலேயே, அவர் பக்கத்திலேயே விழுந்தது, அவர் அதை முழுசாகக் கேட்டார்.